ஒரே சட்டி ஆணம்

எனக்கு வரும் கோபம் ஆள் பார்த்து, இடம் பார்த்து வராது. நான் பிறந்தபோதே அதுவும் கூடப் பிறந்துவிட்டது என்று என் தங்கை ஞானராணி சொல்லுவாள். இருந்தாலும், ஐம்பத்து நாலாம் ஆண்டு ஆனி மாதம் மருதமுனையில் ஒரு வீட்டுச் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு கோபப்பட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் காதை நானே பிடித்து முறுக்கலாம் போலிருக்கிறது.

அப்போது நான் மட்டக்களப்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நெருப்புக் காய்ச்சல் வந்து நாற்பது நாள் படுத்து எழும்பினேன். எழும்பியது எலும்பு மட்டுந்தான், சதையைக் காணவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னும் பதினைந்து நாளில் வைத்தியப் பரிசோதனை, அதில் தேறாவிட்டால் வேலை போய்விடும். என் சம்பளத்தை நம்பி அம்மாவும் ஞானராணியும் இருந்தார்கள்.

"கடற்காத்துப் பிடியுங்க. பொழுது சாயக்குள்ள நடங்க. மத்தியானம் வயிறு நிறையச் சோறு, இரவைக்குக் கஞ்சி மட்டும்" என்றார் டொக்டர். வயிறு நிறையச் சோறாம்! ஒரு பிடி தொண்டைக்குக் கீழே இறங்கினால்தானே? எதைத் தின்றாலும் கடதாசியைச் சப்புவது போலிருந்தது.

கந்தோரில் என்னோடு வேலை செய்த ஜவுபர்தான் வழி சொன்னான். "மருதமுனைக்குப் போங்க. எங்கட பளீல் காக்காட ஊட்டுக்குப் பின்னால கடல். எங்கட ஊரில விருந்தாளியத் தனியத் திங்க விடமாட்டம். ஒரு சஹனச் சுத்தி எல்லாரும் இரிப்பம். மத்தவன் தின்னுறதப் பாத்தா உங்களுக்கும் பசி வரும்." சஹன் என்றால் பலர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் காலை பஸ் ஏறினேன். நோன்பு நாளில் போய் அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று காத்திருந்தேன். அவ்வளவு யோசனைக்காரனாம் நான்!

ஜவுபரின் தமையன் பளீல் காக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறி நெய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். வீட்டில் இருந்த ஒரேயொரு கட்டிலை முன் அறையில் எனக்குப் போட்டிருந்தார். அந்த அறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில், அவரே நெய்த நீலக் கோட்டுத் துணி திரையாகத் தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி நபீஸா ராத்தா. ஒன்பது நாள் அந்த வீட்டில் இருந்தும் நான் அவர் முகத்தைக் கண்டதில்லை. குரலை மட்டுந்தான் தெரியும்.

"தம்பி, வெக்கப்படாமத் தின்னுங்க. இது உங்கட ஊடு மாதிரி" என்றது அந்தக் குரல்.

மத்தியானம் சஹன் வந்தது. ஆறு பேர் சாப்பிடலாம். சோறு, பாரைமீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல். கறியை அவர்கள் ஆணம் என்பார்கள். சஹனுக்கு முன்னால் நான் ஒருவன்தான்.

"நீங்க இரிக்கல்லியா காக்கா?"

"நீங்க தின்னுங்க தம்பி. எனக்கு வயித்தில கொஞ்சம் பொருமல்" என்று விசிறியை எடுத்து எனக்கு வீசத் தொடங்கினார்.

ஒரு வாய் வைத்தேன். மருந்துக்கும் உப்பில்லை. வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம். எனக்குத்தான் அது வராதே! "காக்கா, ஆணத்தில உப்பு மறந்து போச்சுப் போல" என்றேன். "அல்லாஹ்வே! மன்னிச்சிக்கங்க தம்பி" என்று திரைக்குப் பின்னால் குரல் பதறியது. ஒரு சிறு கோப்பையில் உப்பு வந்தது. நாலு வாயோடு எழும்பிவிட்டேன்.

இரண்டாம் நாளும் உப்பில்லை. காக்கா, "காலம்பறத் தின்னது இன்னும் செமிக்கல்ல" என்றார். மூன்றாம் நாளும் உப்பில்லை. தறியில் அவசர வேலையாம். ஆனால் விடியுமுன்னே சட்டி பானைச் சத்தமும் கதைக்கிற சத்தமும் கேட்டு நான் தினமும் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓகோ, எல்லாரும் எழும்பி இருந்து வடிவாகத் தின்கிறார்கள்! என்னோடு கைவைக்கத்தான் இவருக்கு மனமில்லை. காய்ச்சல்காரன் என்ற பயமா, கிறிஸ்தவ வேதக்காரன் என்ற அருவருப்பா? அந்த நினைப்பு காதுக்குள் போன எறும்பு மாதிரி என்னைப் படுத்தியது.

நாலாம் நாள் முதல் வாயிலேயே வெடித்துவிட்டேன்.

"நாலு நாளா உப்பில்ல! ஏன் தெரியுமா? இத ஒருத்தரும் தின்னுறல்ல, அதால ஒருத்தருக்கும் தெரியா. என்னோட இருந்து தின்ன அருவருப்பெண்டா வாயத் துறந்து சொல்லுங்க காக்கா. நான் பின்னேர பஸ்ஸில போறன்!"

காக்காவின் கையில் விசிறி நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்த்தார். பிறகு அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது: "இரிங்க. தம்பியோட தின்னுங்க."

காக்கா கை கழுவினார். பிஸ்மி சொல்லி, எனக்கு எதிரே சம்மணமிட்டிருந்து, என் சஹனில் கை வைத்தார். ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். நான் பொலிஸ்காரன் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் தம்பி. உப்புக் கொறவுதான்" என்றார்.

எனக்கு ஒரே வெற்றி! அட மடையா, மடையா. அன்றைக்கு அவரோடு சேர்ந்து பத்து வாய் தின்றேன்.

மறுநாள் காலை, பக்கத்துத் தறிக்காரர் சீனிமுகம்மது வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேலி பண்ணினார். "என்ன பளீல், ஆறு நோன்பில நாலாம் நோன்பச் சோத்துக்க உட்டுட்டியாமே! அவ்வளவு பசியா வாப்பா?"

"என்ன நோன்பு? பெருநாள் முடிஞ்சிட்டுத்தானே?" என்று கேட்டேன்.

"அது பர்ளான நோன்பு, கட்டாயம் புடிக்கிற. இது வேற. பெருநாளைக்குப் புறகு விரும்பினவங்க ஆறு நாள் புடிக்கிற. இவனும் பொஞ்சாதியும் ஒரு வருசமும் உட்டதில்ல" என்றார் சீனிமுகம்மது.

வேலி மட்டையைப் பிடித்துக்கொண்டேன். விடியுமுன் கேட்ட சத்தம் நோன்பு பிடிக்கிறவர்களின் சாப்பாடு. கச்சான் காற்று நெருப்பாய் வீசிய அந்தப் பகல்களில், ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்காத வயிற்றோடு ஒருவர் எனக்குச் சமைத்திருக்கிறார், மற்றவர் எனக்கு விசிறியிருக்கிறார்.

"ஏன் காக்கா சொல்லல்ல?"

"நோன்பெண்டு தெரிஞ்சா நீங்க சோறு கேக்கக் கூச்சப்படுவீங்க. தின்னாட்டி உங்கட வேல போயிருமெண்டு ஜவுபர் எழுதியிருந்தான்" என்றார் காக்கா. "ஒரு நாள்தானே தம்பி? ஏழாம் நாள் புடிச்சிக்குவன். விருந்தாளிட மனசு முறிஞ்சா அத எந்த நாளில புடிக்கிற?"

"உப்புக்கும் கோவிக்காதீங்க தம்பி" என்று உள்ளேயிருந்து வந்தது திரைக்குரல். "நோன்போட ஆணத்த நாக்கில வெச்சிப் பாக்கல்ல. கைக்கணக்குத்தான். இண்டைக்குக் கூடப் போடுறன்."

டொக்டராவது மண்ணாவது! மத்தியானம் கஞ்சி போதும், பொழுதுபட்டுப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னதும் உங்களோடு சோறு தின்கிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் அந்திக்குக் கடற்கரையிலிருந்து திரும்பி, காக்கா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறக்க, நானும் சஹனுக்கு முன்னால் இருந்தேன். ஆணத்தில் கொஞ்சம் உப்புத் தெரிந்தது. நன்றாகத் தின்றேன். ஆறாம் நாள் இன்னும் நன்றாகத் தின்றேன். காக்கா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நோன்பாளியின் தாகம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழாம் நாள், விட்ட நோன்பைக் காக்கா பிடித்தார். எனக்கு அன்று மத்தியானக் கஞ்சி போதவில்லை. கடற்கரையில் நடக்கும்போது வயிறு இரைந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு பசி! வாங்கு சொன்னது, சஹன் வந்தது, ஆசையோடு முதல் வாய் வைத்தேன்.

"ஐயோ காக்கா! இதென்ன, கடல அள்ளி ஊத்திக் காச்சினீங்களா?"

என் வாய் எப்போதும் புத்திக்கு முன்னால் போகும். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திரைக்குப் பின்னால் பெரிய சிரிப்புக் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! தம்பிட நாக்கு வந்திட்டு! கேட்டீங்களா, நாக்கு வந்திட்டு!"

காக்கா ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். அவரும் சிரித்தார். அப்போதுதான் எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

"அண்டைக்கு, நாலாம் நாள், உப்பு?"

"சரியாத்தான் இரிந்த."

"கொறவெண்டு சொன்னீங்களே!"

"உங்கட நாக்குக்குக் கொறவுதானே தம்பி? காய்ச்சல் உங்கட நாக்கக் கொண்டு போயிட்டு. அதச் சொன்னா உங்களுக்கு மனசு உட்டுப் போயிரும்."

"அப்ப இந்த மூணு நாளும்? நீங்களும் ராத்தாவும் நோன்பு திறந்து இந்த உப்பத்தானா தின்னீங்க? எனக்கு வேற சட்டியில காச்சியிருக்கலாமே!"

அந்தக் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் கடுமையாக வந்தது. "விருந்தாளிக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டியா? அந்தப் பழக்கம் இந்த ஊட்டில இல்ல தம்பி."

நான் அழுதேன். வெட்கம் பாராமல், சோற்றுக் கையோடு அழுதேன். பகல் முழுவதும் வறண்ட நாக்கில் அந்த உப்பு எப்படி எரிந்திருக்கும்! என் கர்த்தரே, இந்த மனிதர்களையா அருவருப்பு என்றேன்?

"அழாமத் தின்னுங்க மனே" என்றார் காக்கா. "கண்ணீரும் உப்புத்தான். இன்னும் கூடிரும்."

பரிசோதனையில் தேறினேன். வேலை நிரந்தரமானது. அம்மாவும் ஞானராணியும் என் வருமானத்தில் கௌரவமாக இருந்தார்கள். ஞானராணியைக் கரையேற்றியதும் அந்தச் சம்பளந்தான். இதற்கெல்லாம் நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் முழங்காலில் நின்று இரண்டு பேர் பெயரைச் சொல்லுகிறேன். அதில் ஒருவருடைய முகம் எனக்குத் தெரியாது.

அந்த வீட்டில் எட்டாம் நாள் மத்தியானம், நோன்பெல்லாம் முடிந்திருந்தது. நபீஸா ராத்தா தன் கைக்கணக்கில், வழக்கமான உப்புப் போட்டு, அதே பாரைமீன் ஆணத்தைக் காய்ச்சி அனுப்பினார். காக்காவும் நானும் எதிரெதிரே இருந்து சஹனில் கைவைத்தோம். நான் மெதுவாக மென்றேன். திரைக்குப் பின்னால் வளையல் சத்தமும் நின்றுவிட்டது.

"தம்பி, உப்புச் சரியா?"

"சரி ராத்தா" என்றேன். "முதல் நாளே சரிதான்."