உத்தரத்தில் இருந்த ஆணி

வயலின் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அப்பா கொண்டு வந்திருந்த மரக்கட்டையோடு அதில் ஏறக் கூடாது என்று வாசல் காவலாளி சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயலின் பெட்டியோடு ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். அவருக்குக் காவலாளியே கதவைப் பிடித்துவிட்டார்.

"அதுவும் மரந்தானேப்பா?" என்றார் அப்பா.

காவலாளி வேறு பக்கம் பார்த்தார். அப்பா கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியில் நடந்தார். மூன்று மாடி. நாற்பது வருஷம் கட்டடம் இடித்த தோள் அது. வலது பக்கம் இரண்டு விரல் கடை இறங்கியிருக்கும். இடிக்கிற இடங்களில் அவரைக் கடப்பாறை என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வருகிற தபாலில்கூட ஒருமுறை அப்படி எழுதி வந்தது.

"நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்ப்பா."

"உன் கை இன்னைக்கு நடுங்கக் கூடாது. பேசாம வா."

நான் திருடி என்று என் முதலாளி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் விசாரணை. இருநூற்றி அறுபது வருஷத்து வயலின் ஒன்றின் முகப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதுப்பலகையை ஒட்டிவிட்டேனாம். தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால், பழைய வயலின் விற்கிற எந்தக் கடையிலும் நான் உளியைத் தொட முடியாது. இப்போதே தொட முடியவில்லை. நான்கு கடைகளில் கேட்டுவிட்டேன். கூட வேலை பார்த்த பாலீஷ்காரர் போன் பண்ணி, "உனக்காக மனசு கெடந்து அடிச்சுக்குது, ஆனா நான் பேசினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பத்தொன்பது வருஷம் அந்தக் கடையின் பின்னறையில் இருந்திருக்கிறேன். முன்னறையில் கம்பளம், கண்ணாடி அலமாரி, மெதுவாகப் பேசுகிற மனிதர்கள். பின்னறையில் மரத்தூளும் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையின் நாற்றமும். முன்னறையில் ஒரு வயலினைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போய் ஒரு மாசம் வாசிச்சுப் பாருங்க" என்பார் முதலாளி. ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கையெழுத்துக் கேட்டால் அது அவமானம். அப்படிக் கேட்டவருக்கு அடுத்த வயலின் கண்ணில் படாது. "நம்ம தொழிலே நம்பிக்கைதாம்மா, மரமெல்லாம் அப்புறம்" என்று சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இதை வீட்டில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உடைஞ்ச செங்கல்லுக்கே எங்ககிட்ட சீட்டு உண்டு. உன் வயலினுக்குக் கிடையாதா?" அன்றைக்கு எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது. கூலிக்காரன் புத்தி என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான். அதுவே போதும், இப்போது செருப்பால் அடித்துக்கொள்ள.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வயலின் ஒரு துணிப்பையில் வந்தது. ஒரு பெரிய வீட்டில் யாரோ தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்களாம். முகப்பலகை தீக்குச்சி தீக்குச்சியாக நொறுங்கிப் போயிருந்தது. முதுகும் பக்கங்களும் கழுத்தும் பழுதில்லை. புது முகம் செய்துவிடலாம் என்றார் முதலாளி. அதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதை விற்கும்போது சொல்ல வேண்டும். சொன்னால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

"உங்கப்பா ஏதோ பழைய கிடங்கு இடிக்கிறார்னு சொன்னியே? அங்க உத்தரமெல்லாம் என்ன மரம்?" என்று கேட்டார்.

அவரே காரில் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, இடிபாட்டுக்கு நடுவில் குனிந்து குனிந்து, ஒவ்வொரு உத்தரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தட்டி, காதைக் கிட்டே கொண்டு போய், "ஆஹா, இது பாடுது" என்றார். "கூரை ஒழுகுறப்பவும் பாடிட்டுத்தாங்க இருந்துச்சு" என்றார் அப்பா. முதலாளி சிரித்து, அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய கையை உடனே துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.

பாதி உத்தரம் கடைக்குப் போனது. மீதிப் பாதி எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குக் கீழே முட்டுக் கட்டையாகக் கிடந்தது. அதைத்தான் அப்பா இப்போது சுமந்துகொண்டிருந்தார்.

உத்தரத்தைப் பாதியாக அறுத்தபோது ரம்பம் கிறீச்சிட்டது. உள்ளே ஓர் ஆணி. கொல்லுப்பட்டறையில் அடித்த பழைய ஆணி, நாலு பட்டையாக இருக்கும். ரம்பம் அதன் நடுவில் போயிருந்தது. கடைக்கு வந்த பாதியில் ஆணியின் தலைப்பகுதி. அதைப் பிடுங்கியதும் கரி பூசியதுபோலத் துருக்கறையோடு ஒரு சதுர ஓட்டை விழுந்தது. வால்பகுதி மீதிக் கட்டையிலேயே நின்றுவிட்டது. இது வேண்டாம் ஐயா, வேறு மரம் பார்க்கலாம் என்றேன். அவர் பென்சிலை வாங்கி, தன் கையாலேயே கோடு போட்டுக் காட்டினார். "ஓட்டை மேல் முனைக்கு வர்ற மாதிரி வெட்டு. உள்ளே கழுத்தைத் தாங்குற கழுத்துக் கட்டை அதை மூடிடும். எவன் வந்து பார்க்கப் போறான்?"

மூன்று மாதம் அந்த முகத்தைச் செதுக்கினேன். நிறமும் நான்தான் ஏற்றினேன். ஓரங்களில் கையழுக்கு, தாடை படுகிற இடத்தில் தேய்மானம், எல்லாம். வாங்குகிறவர் கண்ணுக்கு உறுத்தக் கூடாது என்றார், செய்தேன். முடிகிற சமயத்தில் கேட்டேன்: "முகம் புதுசுன்னு சொல்லித்தானே விப்பீங்க?"

"என்னம்மா கேள்வி இது? என்னை எத்தனை வருஷமாத் தெரியும் உனக்கு?"

அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். அது பதிலே இல்லை என்று உறைக்க மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் என்ன செய்தார் என்றால், மரத்தின் ரேகையை எண்ணி வயது சொல்கிற நிபுணர்களிடம் வயலினைக் கொண்டு போனார். அவர்கள் படம் பிடித்து, எண்ணி, இருநூற்றி எழுபது வருஷம் முன்னால் வெட்டிய மரம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பொய் இல்லை, உத்தரத்துக்கு அந்த வயது உண்டு. மரத்துக்கு வயசாகியிருந்தால் வேலைக்கும் வயசாகிவிடுமா என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரிய இசைக்குழுவில் இரண்டாம் வரிசையில் வாசிக்கிற ஒரு பெண், தன் அம்மா விட்டுப்போன வீட்டை விற்று அந்த வயலினை வாங்கினார். போன மாதம் அதே வயலினின் பழைய புகைப்படம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. படத்தில் முகத்தின் இடப்பக்கம் நீளமாக ஒரு விரிசல். அவர் கையில் இருந்த வயலினில் அது இல்லை. கேட்டதற்கு, "நான் பின்னறைக்கு அனுப்பினப்போ விரிசலோட முழுசாத்தான் இருந்தது" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். பின்னறையில் இருந்தது நான்.

மூன்றாவது மாடிக் கூடத்தில் நீளமான மேஜை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. தலைவர், உறுப்பினர்கள் இரண்டு பேர், முதலாளி, அந்தப் பெண். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அப்பாவுக்கு இல்லை. அவர் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதலாளி நன்றாகப் பேசினார். குரல் தழுதழுத்தது. "என் பொண்ணு மாதிரி வச்சிருந்தேன். பட்டறைச் சாவியே அவ கையிலதான். இப்படிப் பண்ணுவான்னு…"

"உங்க பொண்ணையும் இப்படித்தான் நாலு பேருக்கு முன்னாடி திருடின்னு சொல்வீங்களா ஐயா?" என்றார் அப்பா.

"பெரியவரே, கேட்டா மட்டும் பேசுங்க" என்றார் தலைவர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எழுதி வைத்த தீர்மானத்தைப் படித்தார். தவறு தொழிலாளியுடையது. முதலாளி பெருந்தன்மையாக விலையில் பாதியைத் திருப்பித் தருவார். வயலினும் வாங்கியவரிடமே இருக்கும். விஷயம் வெளியே போகாது. "எல்லாருக்கும் நல்லது" என்று முடித்தார். அந்த எல்லாரில் நான் இல்லை.

"அந்தப் பலகையை எடுத்து நான் என்ன பண்ணினேனாம்? எங்க வித்தேனாம்? யாராவது கேட்டீங்களா?" என்றேன். "முகம் நான் செஞ்சதுதான். இவர் சொல்லித்தான் செஞ்சேன். இதோ நிக்குதே, இந்தக் கட்டையிலேர்ந்து."

"சாட்சிக்கு ஒரு விறகா?" என்றார் ஓர் உறுப்பினர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அந்தக் காலத்து மரம் ரேகையெல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றார் முதலாளி. "அவங்கப்பா கட்டடம் இடிக்கிறவர். நூறு கட்டை கிடைக்கும்."

"ரேகை ஒண்ணு போல இருக்கலாம் ஐயா. ஆணியுமா?" என்றேன்.

அப்பா கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "ஏய், ஏய், மேஜை!" என்று தலைவர் எழுந்தார். அறுத்த முகம் அந்தப் பெண்ணைப் பார்த்து இருந்தது. அதன் நடுவில் சதுரமாக, கறுத்து, ஆணியின் வெட்டுண்ட முனை.

"இந்த ஆணியோட மறுபாதி இருந்த ஓட்டை வயலினுக்குள்ள இருக்கு. கழுத்துக் கட்டைக்கு அடியில. மூடி வைக்கச் சொன்னது இவர்தான். கோடு போட்டுக் கொடுத்ததும் இவர்தான், அந்தப் பென்சில் கோடும் அங்கயே இருக்கும். திறந்து பாருங்க. இல்லைன்னா நான் திருடிதான், எழுதிக்கொடுத்துட்டுப் போறேன்."

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம்தான் பேசினார், மிக மெதுவாக, முன்னறைக் குரலில். "திறந்தா அந்த நாதம் திரும்ப வராதும்மா. அப்புறம் பாதி தர்றேன்னு சொன்னதும் இருக்காது. யோசிச்சுக்குங்க."

பொய். வயலினை வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவதே என்றைக்காவது திறக்க வேண்டி வரும் என்றுதான். மெல்லிய கத்தி ஒன்றை ஓரத்தில் செலுத்தினால் விட்டுக் கொடுத்துவிடும். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா நான் வாசிச்சது நீங்க செஞ்ச பலகையா?"

"ஆமாங்க."

"பழசு மாதிரி ஆக்கினதும் நீங்கதானா?"

"ஆமா. சொல்லித்தான் விப்பாருன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்க்காமல் கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் மூன்று மாதம் மடியில் வைத்திருந்த முகம். ஜன்னல் வெளிச்சத்தில், சத்தியமாக, இருநூற்றி அறுபது வருஷம் தெரிந்தது. அவர் தந்தியை முறுக்கும் முதல் பிருடையைத் திருகித் தளர்த்தினார். தந்தி முனகிக்கொண்டே இறங்கியது. இரண்டாவது. முதலாளி நாற்காலியை நகர்த்தினார். மூன்றாவது.

நான் பையிலிருந்து வயலின் திறக்கிற மெல்லிய கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

நான்காவது பிருடையில் அவர் கை நின்றுவிட்டது. ஒற்றைத் தந்தியின் இழுப்பில், தந்திகளைத் தாங்கும் குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. படி ஏறி வந்த மூச்சு அப்பாவுக்கு இன்னும் அடங்கவில்லை. அது அவர் உள்ளங்கை வழியாகக் கட்டையில் இறங்கி, மேஜையில் பரவி, அந்தத் தந்தியைத் தொட்டதோ என்னவோ, கேட்டும் கேட்காததுமாக அது அதிர்ந்துகொண்டிருந்தது.