வழவழன்னு இருந்த ஜாடி

வீட்டுல எல்லாரும் அவளை பம்பரம்னுதான் கூப்பிடுவாங்க. கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. அன்னைக்கு போன்ல ஒரு வீடியோ பாத்துட்டா. சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட்ல சமையல் சோடாவைக் கலந்து பூசினா, சாதா பூஜாடிகூட கல்லுல கொடஞ்ச மாதிரி ஆயிடுமாம். அவ்ளோதான், அதுக்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியுமா?

மீந்துபோன சாம்பல் கலர் பெயிண்ட் அரை டப்பா கிடந்துச்சு. சோடாவைக் கொட்டி, கெட்டியா குழைச்சு, ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தா. மாட்டினது நடைவழி ஓரமா நின்ன வெள்ளைப் பீங்கான் ஜாடி. இடுப்பு உசரம் இருக்கும்.

"என்னடி, ஜாடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு?"ன்னான் அண்ணன்.

"ரசனை இல்லாதவன்லாம் தள்ளி நில்லு. இன்னும் ஒரு கோட்டு பூசணும்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாவுக்கு என்ன இதுல? அவரா பாக்கப் போறாரு?"

சொன்ன வேகத்துல அதையும் மறந்துட்டா.

அப்பா தையல்காரர். கண்ணு போய் ரெண்டு வருஷம். முதல் வருஷம் பூரா யாராவது கையைப் பிடிச்சாத்தான் எழுந்திருப்பாரு. அப்புறம் துணியைத் தடவிப் பாக்குற மாதிரியே வீட்டையும் தடவித் தடவி மனப்பாடம் பண்ணிட்டாரு. சொரசொரன்னு கல்தூண் வந்தா சாஞ்சு மூச்சு வாங்கிக்கலாம். ரெண்டு எட்டு தள்ளி வழவழன்னு, ஜில்லுன்னு ஜாடி வந்தா நின்னுடணும், அடுத்தது படி. இந்தக் கணக்கு பம்பரத்துக்குத் தெரியாதா? அவரே சொல்லி, அவ கைதட்டியிருக்கா. ஆனா ஸ்பாஞ்சை எடுத்த நேரம் மண்டைக்குள்ள கல்லு மட்டும்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில டீ குடிக்க அப்பா தனியா நடந்து வந்தாரு. கை படாமலே தூணைத் தாண்டிட்டாரு, அது அவருக்குத் தெரியல. சொரசொரன்னு கையில பட்டதும் மொத்த உடம்பையும் அதுமேல சாய்ச்சுட்டாரு.

சத்தம் கேட்டு ஓடிவந்தா, படிக்குக் கீழ பீங்கான் சில்லுக்கு நடுவுல உக்காந்திருந்தாரு. மணிக்கட்டு கோணிப் போயிருந்துச்சு. வலிக்குதுன்னுகூட சொல்லல.

"தூண் எப்படிம்மா சாயும்?"னு மட்டும் கேட்டாரு.

கட்டுப் போட்டுட்டு வந்ததும், அவர் கட்டிலோரமா உக்காந்து சொல்லிட்டா. "அப்பா, நான்தான். கல்லு மாதிரி இருக்கட்டும்னு ஜாடியில பெயிண்ட் பூசி சொரசொரப்பாக்கிட்டேன்."

அப்பா கட்டுப் போட்ட கையை மெதுவா தடவிக்கிட்டாரு.

"கல்லு மாதிரியே வந்துச்சா?"

"ம்."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."

திட்டியிருந்தாக்கூட தேவலை.

நாலு கடை ஏறி இறங்கி, அதே உசரத்துல, அதே வழவழப்புல ஒரு ஜாடி தேடிப் பிடிச்சா. அதே இடத்துல வச்சு, அப்பாவோட நல்ல கையை எடுத்து அதுமேல வச்சா. "பாருங்கப்பா, பழசு மாதிரியேதான்."

அவர் விளிம்புலேருந்து அடி வரைக்கும் தடவினாரு.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

கோவமே இல்லாமதான் சொன்னாரு. அதுதான் அவளைக் கொன்னுச்சு.

அடுத்த நாள் காலையில அவ டீ போட்டுட்டு காத்திருந்தா. அப்பா ரூம்ல கட்டில் கிறீச்சிட்டுச்சு. காலடிச் சத்தம் வரும்னு பாத்தா, வரல.

"யாராவது இருக்கீங்களா?"ன்னு அவர் குரல்தான் வந்துச்சு.