ரூட்டுக்குள் ஒரு கூட்டல்

1
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மா சாலையில் ஒரு பயிற்சி மையத்துக்கு எதிரே, கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மையத்தின் மேல்மாடியில் என் மனைவி துளசி கணக்குப் பரீட்சை எழுதுகிறாள். தொழிற்சாலையில் அவள் வேலை பார்க்கும் உற்பத்தி லைனை மூடப் போகிறார்கள். பாஸானால் டெக்னீசியன். இல்லையென்றால் பதினாறு வருட வேலை அம்போ. சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2
தொடக்கம் ஒன்று: "வரைபடக் கோட்டின் சாய்வைக் கண்டு மலைத்து நின்ற துளசி..." (சீ, பாடப்புத்தக வாடை.)

தொடக்கம் இரண்டு: "பின்னத்தில் மேலும் கீழும் இருந்த x-ஐ அவள் அடித்துச் சுருக்கிய அந்த மாலை..." (பொய். அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். சாய்வையும்தான். வர்க்கமூலம், அவள் பாஷையில் ரூட்டு, அது மட்டும் அவளைப் படுத்தியது.)

3
கதையில் வரும் கணவன்மீது எனக்கு நம்பிக்கையில்லை. பெயர் ஸ்ரீகரன். என் பெயரும் அதுதான்.

போன வாரம் துளசி கேட்டாள்: "என்னாங்க, ரூட்டுக்குள்ள கூட்டல் இருந்தா ரெண்டையும் தனித்தனியா பிரிக்கலாமா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அடித்த ஜம்பம் விடுமா?

"எங்க சிலோன்காரங்களுக்குக் கணக்கு ரத்தத்துலயே ஓடுதுலா. தாராளமா பிரி."

(அடிக்குறிப்பு: நான் குமாஸ்தா. அலுவலகத்தில் கூட்டலைக்கூடக் கணினிதான் போடுகிறது.)

4
கதைக்கு ஓர் உதாரணம் வேண்டுமே என்று இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ரூட்டுக்குள் ஒன்பதும் பதினாறும். பிரித்தால் மூன்றும் நான்கும் ஏழு. கூட்டினால் இருபத்தைந்து, அதற்கு ரூட் ஐந்து.

ஐயோ!

மறுபடி போட்டேன். ஐந்துதான்.

"என்னா தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் கடைக்கார ஹைதர் அண்ணன். எதிரே ஓடிப்போய்ப் படியேறினேன். கதவைச் சாத்திவிட்டார்கள். அவளுடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

5
முடிவு அ: அந்த மாதிரிக் கேள்வியே வரவில்லை.

முடிவு ஆ: அவள் என்னை நம்பாமல் தானே போட்டுப் பார்த்தாள். (கடவுளே, இதுவாக இருக்கட்டும்.)

முடிவு இ: அவள் படியிறங்கி...

இல்லை, நிஜமாகவே வருகிறாள். சிரிக்கிறாள்.

"நாலு ரூட்டு கணக்கு வந்துச்சுங்க. மொதல்ல பிரிக்காமப் போட்டேன், வேற விடை வந்துச்சு. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்து, எல்லாத்தையும் அழிச்சிட்டு பிரிச்சே போட்டுட்டேன்."

எதிரே உட்கார்ந்து என் கோப்பியை எடுத்துக் குடிக்கிறாள். என் இடத்தில் இருந்தால் நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள். என்ன எழுதுகிறேன் என்று பார்க்க அவள் தாளைத் தன் பக்கம் இழுக்கிறாள்.