தாய்மாமன் சீரில் ஒரு குவாண்டம்

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்று ஆரம்பிக்கிற சம்பந்தியைக் கண்டால் நான் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்ப்பேன். ஆரணி பஜாரில் மிக்சி, ஃப்ரிட்ஜ் விற்றே தலை நரைத்தவன் நான். ஒன்றும் வேண்டாம் என்றவர்கள்தான் என் கடைக்கு வந்து இருப்பதிலேயே பெரிய பீரோவைக் காட்டச் சொல்வார்கள்.

அன்றைக்கு என் அக்கா மகள் பரிமளாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை சதீஷுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் அப்பா தமிழ்வாணன் பட்டுச்சேலை வியாபாரி. தாம்பூலத் தட்டு கைமாறுகிற நேரம் பார்த்து அந்த மனுஷன் தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க பிரியப்பட்டு செய்யறதுதான். வூட்ல எல்லாம் இருக்குது. தாய்மாமன் சீர்ல மட்டும் ஒரே ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர் வெச்சுட்டா சபைக்கு நிறைவா இருக்கும்."

தாய்மாமன் நான்தான். என் குடோனில் நாலைந்து குவாண்டம் தூசி படிந்து கிடப்பதுபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வூட்டு சாமான் இல்லீங்க" என்றேன். "பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல வெச்சிருக்காங்க. அதுக்கு வேண்டிய குளிருக்கு முன்னாடி ஐஸ்கட்டியே வெந்நீரு."

"நம்ம வூட்ல ரெண்டு டன் ஏசி இருக்குதுங்களே?"

"ஏசியால ஆவாதுங்க."

"அப்ப இன்னொரு ஏசி போட்டுக்கலாம்."

இந்த ஆளிடம் என்ன பேசுவது? இருந்தும் பேசினேன். "மெஷின் எங்கியாவது பெங்களூர்லயோ அமெரிக்காவுலயோ இருக்கும். நாம போன்லயே கணக்கைக் குடுத்து பதிலை வாங்கிக்கலாம். வூட்டுக்கு வந்தாலும் அப்படித்தாங்க வரும்."

"எங்கியோ இருந்துச்சுன்னா நம்ம தெருக்காரன் எப்படிங்க பார்ப்பான்?" என்றார் தமிழ்வாணன். "பத்து வருஷத்துல வூட்டுக்கு வூடு வந்துடும்னு வீடியோல சொல்றான். எல்லார் வூட்லயும் வந்தப்புறம் நம்ம வூட்ல இருந்து இன்னா பிரயோஜனம்? தீபாவளிக்கு எந்தக் கலருக்கு எந்த பார்டர் ஓடும்னு அத்தனை ஜோடியையும் ஒரே நேரத்துல போட்டுப் பார்த்து சொல்லிடுமாம்."

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானே, ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று சதீஷைப் பார்த்தேன். அவன் மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

பரிமளாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் கடைக்கு வந்தாள். "நல்லவர்தான் மாமா. போன்ல அவ்ளோ நல்லாப் பேசறாரு. ஆனா அவங்க அப்பா எதிர்ல வாயே திறக்கமாட்டேங்கறாரு. நாளைக்கு அந்த வூட்ல எனக்கு ஒண்ணுன்னா யாரு மாமா பேசுவாங்க?"

"கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" என்றேன். எல்லோரும் சொல்வதுதான், எனக்கும் அதுதான் வாயில் வந்தது.

அவள் போனதும் அக்கா தெய்வநாயகி வந்தாள். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே அழுதிருக்கிறாள். "தட்டு மாத்தினப்புறம் நின்னுச்சுன்னா நம்ம ஊர்த் தறிக்காரங்க வாய்ல விழுந்து எழுந்திருக்க முடியுமா? உங்க மாமா சோறே திங்கல. ஏதாவது ஒரு பெட்டியை வெச்சுடு தம்பி. அந்த மனுஷன் திறந்தா பார்க்கப் போறாரு?"

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? மானம் போயிடும்!" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டி முடித்துவிட்டு குடோனுக்குப் போய் விற்காமல் கிடந்த, கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டேன். அக்கா அழுதால் என் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

கம்பெனிப் பெயரைச் சுரண்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் நீலச் சீரியல் பல்பு ஒட்டினேன். வேலூரில் ஸ்டிக்கர் வெட்டி வாங்கி 'குவாண்டம் ஹோம்' என்று முகப்பில் ஒட்டியபோது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓடும் கணக்கு கலைந்துவிடும், யாரும் திறக்கக் கூடாது என்று தமிழ்வாணனிடம் சொல்லிவைத்தேன். நான் சொன்னதில் இது ஒன்றுதான் ஏறக்குறைய உண்மை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்தில் சீர் பரப்பினோம். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, வெள்ளித் தட்டுகள். நடுநாயகமாக அந்தப் பெட்டி. குளிர்ச்சி இருந்தால்தானே நம்புவார்கள் என்று பிளக்கைச் செருகி ஓடவிட்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாதேவி அதற்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரமும் சாத்தினாள். திருஷ்டிக்கு யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். சனம் வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தது.

"இன்னா பண்ணும் இது?" என்று கேட்டார் களம்பூரிலிருந்து வந்த ரைஸ்மில்காரர்.

"இன்னா பண்ணாதுன்னு கேளுங்க" என்றார் தமிழ்வாணன்.

"நெல்லு ஈரம் பார்க்குமா?"

"அதெல்லாம் தானா பார்த்துக்கும். டேய் சதீஷ், நீயே வந்து சொல்லுடா."

சதீஷ் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கி வந்தான். பெட்டியின் அடியில் சக்கரம். பக்கவாட்டில் தண்ணீர் வடிகிற குழாய். அவன் இரண்டையும் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தெரிந்துவிட்டது. சொல்லித் தொலைடா ராசா, உன் புண்ணியத்தில் நானும் தப்பித்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"புது மெஷின் இல்லையாப்பா, செட் ஆவறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆவும்" என்றான்.

தமிழ்வாணன் மகன் முதுகில் தட்டிக்கொடுத்தார். படிப்பு படிப்புதான் என்று ரைஸ்மில்காரர் மெச்சினார்.

அந்த நேரம் பார்த்து சமையல் காண்டிராக்டரின் ஆள் ஒருவன் தட்டோடு வந்தான். மல்லிகைச் சரத்தை ஒதுக்கினான், மூடியைத் தூக்கினான், உள்ளேயிருந்து கப் ஐஸ்கிரீமாக எடுத்து அடுக்க ஆரம்பித்தான்.

"டேய், இன்னா பண்றே!" என்று அலறினேன்.

"உருகிகினு இருந்துச்சுங்க. சும்மா ஓடிகினு இருந்த பெட்டிதானேன்னு பூ சாத்தறதுக்கு முன்னாடியே இதுல வெச்சுட்டேன். ஜல்தியா எடுத்துக்கறேங்க, முதல் பந்திக்கு நேரமாச்சு."

தமிழ்வாணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது, பிறகு மலர்ந்தது. ஐயோ, அந்த மலர்ச்சியை என்னவென்று சொல்ல!

"பார்த்தீங்களா? அதுபாட்டுக்கு கணக்கையும் போட்டுகினு, ஐஸ்கிரீமையும் காப்பாத்திக் குடுத்திருக்குது! இன்னாடா சதீஷ்?"

"ஆமாம்பா."

எல்லோரும் கை தட்டினார்கள். குவாண்டம் ஐஸ்கிரீமுக்குத் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. தமிழ்வாணன் தன் கையாலேயே எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பரிமளா மேடையிலிருந்து இறங்கி வந்து சதீஷ் எதிரில் நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இது ஐஸ்கிரீம் பெட்டின்னு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும். எல்லார் முன்னாடியும் அப்பாவை எப்படி பரிமளா..."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் உங்க அப்பா என்னைப் பத்தி ஒரு பொய் சொன்னா? அப்பவும் ஆமாம்பாதானா?"

சதீஷ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தவன், அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தான்.

பரிமளா மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"வண்டியை எடுங்க மாமா, வூட்டுக்குப் போலாம். அம்மா அழுவாங்க. அழட்டும். இந்த வாட்டி அதுக்காக நீங்க எதையும் செஞ்சு குடுக்காதீங்க."