இரைச்சல் இல்லாமல் ஒரு தடவை

பல்பு எரிந்துகொண்டிருந்த தகரப் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டான் ராக்கன். வார்னிஷ் நெடியோடு பிளாஸ்டிக் பொசுங்கிய நாற்றமும் சேர்ந்து வந்தது. கிட்டாருக்காகக் கம்பி சுற்றிக் கட்டிய மூன்று காயிலையும் எடுத்து மேசையில் வைத்தான். வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி மூன்றும் நெளிந்து கிடந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

"அட கிறுக்குப் பயலே!" என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆலங்குடி வடகாடு முக்கத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவன் ராக்கன். சுற்றுவட்டாரத் தென்னந்தோப்புகளில் எந்த மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். காயில் கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கி, பல்புப் பெட்டிக்குள் வைத்துச் சூட்டில் காயவைப்பான். இது அவனுக்குச் சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது போன்ற பழக்கம். கிட்டார் காயிலை மெழுகில்தான் முக்க வேண்டும் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். எத்தனையோ மோட்டாரைப் பிழைக்க வைத்தவனுக்கு மெழுகுவத்தி வித்தையா என்று ராக்கன் அவனை மதிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். சறுக்குவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை?

கிட்டார் அவன் மனைவி பிரகதீஸ்வரியுடையது. அவள் பட்டறைக்குப் பின்னால் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்தாள். பத்து நாளைக்கு முன்பு ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்து ஊசி போட்ட நர்சம்மா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இன்னைக்கோ நாளைக்கோதாண்ணே. பக்கத்துலயே இருங்க." ராக்கன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டான்.

கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். கையில் ஸ்பானர் இருந்தால் எதையும் சமாளிப்பான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பது மட்டும் அவனால் ஆகாத காரியமாக இருந்தது.

பிரகதீஸ்வரி இருபத்திரண்டு வருஷம் ரவிக்கை தைத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் பிறந்த ஊரான திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு மேடையில் சின்னப் பெண் ஒருத்தி எலக்ட்ரிக் கிட்டார் வாசித்ததைப் பார்த்தாள். பந்திக்குக்கூடப் போகாமல் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் போனில் தேடி, இருப்பதிலேயே மலிவான ஒன்றை வரவழைத்தாள். "நாப்பத்தாறு வயசுல என்னடி இது கூத்து?" என்று தெருவே சிரித்தது. "ஏன், நாப்பத்தாறு வயசுக்குக் காது கேக்காதா?" என்றாள் அவள்.

வந்து சேர்ந்த கிட்டார் லேசுப்பட்டதாக இல்லை. கம்பிகள் துணிக்கொடி மாதிரி உயரத்தில் நின்றன. கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருந்த உலோகக் கட்டைகளின் முனை கையைக் கீறியது. ஏழாவது கட்டையை ஒட்டி அழுத்தினால், தகரத்தில் வண்டு மாட்டியது போல ஒரே இரைச்சல். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல் என்பதால் அவள் சளைக்கவில்லை. கல்யாணத்தில் பாடுகிற நலங்குப் பாட்டு ஒன்றின் மெட்டை, நாலே நாலு அடி, தானாகவே கண்டுபிடித்து வாசித்தாள். மூன்றாவது அடியில் அந்த ஏழாவது கட்டை வரும். வண்டும் வரும். அவள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பிறகு நோய் வந்தது. அதற்கு ஏற்றிய மருந்தில் விரல் நுனியெல்லாம் எரிந்தது, ரவிக்கைக் கொக்கியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் திரும்பி வரும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவ இரையாம வரணுங்க. கேட்டுட்டேன்னா போதும்."

ராக்கன் அன்றே கிட்டாரைக் கழற்றிவிட்டான். கட்டை முனைகளை நைஸ் அரத்தால் ராவி மழுக்கினான். மெல்லிய கம்பிகளாக மாற்றினான். கம்பி உட்காரும் திருகுகளை மயிரிழை மயிரிழையாக இறக்கினான். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, வளைவை நிமிர்த்தினான். ஏழாவதுக்கு அடுத்துத் துருத்திக்கொண்டிருந்த கட்டையைத் தேய்த்துச் சமமாக்கியதும் வண்டு செத்தது. அதோடு விட்டிருந்தால் தேவலை. ஸ்பீக்கரில் செருகினால் ‘உம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டது. கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காயில் மட்டமான காயில், இதைக் கட்டுவதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன் என்று மூன்றையும் பிரித்துக் கட்டினான். இனி வேறு காயில் வாங்கினால் வந்து சேர நாலு நாள் ஆகும்.

"அப்பா." மகள் சத்யபிரியா பட்டறை வாசலில் நின்றாள். திருப்பூரில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டு வந்திருந்தாள். "அம்மா கூப்புடுது. காலையிலேர்ந்து இது நாலாவது தடவ."

"இந்தா, அஞ்சு நிமிசம் தாயி. முடிச்சுட்டு வாரேன்."

"அம்மாகிட்ட அஞ்சு நிமிசம் இருக்குமான்னு யாருக்குப்பா தெரியும்?"

சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். ராக்கன் எழுந்தான். காயில் இல்லாத கிட்டாரை எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

பிரகதீஸ்வரி தலையணையில் சாய்ந்திருந்தாள். தலையில் முடியில்லாததால் ஒரு பழைய பூப்போட்ட துணியைக் கட்டியிருந்தாள். அவள் தைத்ததுதான். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது.

"முடிஞ்சுருச்சாங்க?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பொய் சொன்னால் வாசித்துக் காட்டச் சொல்வாள்.

"காயில் போச்சு பிரகதி. வார்னிஷ்ல முக்கிப் பொட்டியில வச்சுட்டேன். அம்புட்டும் நெளிஞ்சுபோச்சு."

 அவள் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. "மோட்டருன்னு நெனச்சுப்புட்டீகளா? ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சவா?"

"சிரிக்காத. ஒனக்கு இளைக்குது."

"இளைச்சா இளைச்சுட்டுப் போகுது. அதை வச்சுட்டு இங்கிட்டு வந்து உக்காருங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தே பத்து நாளாச்சு."

அந்தச் சொல் அவனைச் சுருக்கென்று குத்தியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து நாள். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அது அரைக் கிலோகூட இருக்காது போலிருந்தது. அழுகை முட்டியது. அழுதான். அவள் தடுக்கவில்லை.

கட்டில் விளிம்பில் சாய்த்திருந்த கிட்டாரின் கம்பியில் அவன் முழங்கை பட்டு ‘டிங்’ என்றது. காயில் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் கொசு ரீங்காரம்தான். ராக்கன் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான். ஓடுகிற மோட்டாரில் பேரிங் எப்படி இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பான்? ஸ்குரூ டிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவான். பட்டறையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அந்த எலும்பு வழியாக உள்ளே உருளுகிற ஒவ்வொரு குண்டும் கேட்கும்.

"பிரகதி, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படு."

கிட்டாரை அவள் பக்கத்தில் நீளவாக்கில் படுக்க வைத்தான், கைப்பிள்ளையைப் போட்டது போல. அதன் தலை அவள் காதுக்குப் பின்னால் எலும்பில் தொட்டது. உடல் அவள் இடுப்பருகே, வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. "எதாச்சும் ஒரு கம்பிய மீட்டு."

அவள் சுண்டினாள். கண்கள் விரிந்தன. "யாத்தே! தலைக்குள்ளயில்ல கேக்குது!"

"எந்தக் கட்டைன்னு சொல்லு. நான் அழுத்துறேன்."

"ஒங்களுக்குக் கிட்டாரு தெரியுமாக்கும்?"

"எண்ணத் தெரியுமில்ல? சொல்லு புள்ள."

அவள் சொன்னாள். "ரெண்டாவது கம்பி, மூணாவது கட்டை. இப்ப அஞ்சாவது." அவன் முழங்காலில் நின்று இடது கை விரல்களால் அழுத்தினான். தடித்த விரல், பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கியது. முதல் அடியிலேயே தப்பு. மறுபடி. மெல்லிய கம்பி சதைக்குள் கத்தி மாதிரி இறங்கியது. இதையா இவள் இத்தனை காலம் பொறுத்தாள் என்று நினைத்துக்கொண்டான். கதவோரம் நின்ற சத்யபிரியா, போனை எடுத்து அணைத்துவிட்டாள்.

ஆறாவது தடவை முதல் அடி வந்தது, இரண்டாவது வந்தது. "ஏழாவது," என்றாள் பிரகதீஸ்வரி. அவன் அழுத்தினான். அவள் சுண்டினாள். வண்டு இல்லை. அவள் நிறுத்தாமல் அடுத்ததைச் சொன்னாள், அதற்கடுத்ததைச் சொன்னாள். நாலாவது அடி முடிந்தது.

ராக்கனுக்கு மின்விசிறிச் சத்தத்தோடு ‘டிக் டிக்’ என்று மட்டும்தான் கேட்டது. பாட்டு முழுக்க அவள் எலும்புக்குள்தான் நடந்தது.

"இரையல," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இன்னொருக்க."

மத்தியானம் தாண்டியும் இன்னொருக்க, இன்னொருக்க என்று வாசித்தார்கள். ஒரு தோப்புக்காரர் வந்து மோட்டார் ரெடியா என்று வாசலில் குரல் கொடுத்தார். சத்யபிரியா போய் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினாள். மூன்று மணிவாக்கில் பிரகதீஸ்வரியின் வலது கை கம்பி மேலேயே நின்றுவிட்டது. ராக்கன் அடுத்த கட்டையைத் தானாகவே அழுத்தியபடி காத்திருந்தான். அந்த இடம் அவனுக்கு மனப்பாடமாகியிருந்தது. மகள் வந்து அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, "அப்பா" என்ற பிறகும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தான்.

திருக்கோகர்ணத்திலிருந்து பிரகதீஸ்வரியின் அண்ணன் அன்புமொழி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். சுமங்கலி என்பதால் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, மல்லிகைப் பூவும் சாத்தினார்கள். பூ வைக்கத் தலையில் முடி இல்லாததால், பூவைத் தலைத்துணியோடு சேர்த்து ஊசியால் குத்தினாள் சத்யபிரியா. மறுநாள் காலை எடுத்தார்கள்.

மயானத்தில் வாய்க்கரிசி போடும்போது, "எடது கையால மாப்ளே," என்றார் அன்புமொழி. ராக்கன் இடது கையால் பச்சரிசியை அள்ளினான். விரல் நுனியில் அரிசி குத்தியதும் சுரீர் என்றது. மூன்று விரல்களிலும் கம்பி பதிந்த கோடு கன்றிச் சிவந்து கிடந்தது. ஒரு கணம் கையை மூடினான். பிறகு குனிந்து அவள் வாயருகே மெதுவாகத் திறந்தான்.

எல்லாம் முடிந்து போர்வெல் குழாய்த் தண்ணீரில் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். ராக்கன் இடது கையை மூடியபடியே தலையை நனைத்துவிட்டு எழுந்தான். அன்புமொழி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார்.

"கையில சாம்பலு இருக்கு பாருங்க மாப்ளே. நீட்டுங்க, ஊத்துறேன்."

ராக்கன் வலது கையை நீட்டினான்.

"ரெண்டையும் நீட்டுங்க."

"இது போதும் மச்சான்," என்றான்.