கடல் ஏற உள்ளே, வற்ற வெளியே

கிண்ணியாத் துறையடி ஸுஹைர் 1964 ஜூன் தொடங்கி ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு மூச்சுத்தான் விட்டார். குடாவில் தண்ணி ஏறும்போது மூச்சு உள்ளே போகும், வற்றும்போது வெளியே வரும். மற்றபடி ஆள் கட்டிலில் கிடந்தார், உடம்பு சூடாகவே இருந்தது.

அதற்கு ஆறு வருஷம் முந்தி, துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சரிந்து அவருக்கு முதுகு போனது. நோவுக்கு டிஸ்பென்சரியில் அபின் சேர்ந்த கசப்பு மிக்சர் கொடுத்தார்கள். டொக்டர் எழுதின மருந்து, யார் என்ன சொல்ல? அந்த வருஷம் ஊரில் அதைக் குடித்தவர்கள் பதினொரு பேர். 1961இல் இருநூறு. பல்லுக்குத்துக்கும் அதுதான், பிள்ளை பெற்ற நோவுக்கும் அதுதான், மகன் கடிதம் போடாத கவலைக்கும் அதுதான். கறி கொடுப்பது மாதிரி வேலிக்கு மேலால் போத்தல் கைமாறியது. குடித்தவர்களுக்கு நோவு போனது, அதோடு சிரிப்பும் போனது. தூக்கத்திலேயே மௌத்தானவர்கள் முதலில் இரண்டு, பிறகு ஒன்பது, பிறகு இருபத்துமூன்று. இருபத்துமூன்றாவது வீட்டில் ஒருத்தரும் அழவில்லை, அவர்களும் குடித்திருந்தார்கள்.

மிக்சருக்குப் போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மருந்து கலக்கிறவர் கடதாசித் துண்டொன்றைப் பல் பல்லாக வெட்டி அதில் ஒட்டுவார், வேளைக்கு ஒரு பல் அளவு. அந்த ஜூனில் ஒரு நாள் ஸுஹைரின் பெண்சாதி அசனாவின் போத்தல் உடைந்துபோனது. பக்கத்து வீட்டு மைமூனாவிடம் ஒன்றை இரவல் வாங்கிப் போனாள். அதில் மைமூனாவின் பழைய கடதாசி ஒட்டியபடி இருந்தது, மூன்றே பல். ஸுஹைருக்கு ஆறு இருக்கவேண்டும், மூன்று என்றால் வேளைக்கு இரட்டிப்பு மருந்து. அங்கே ஒரே சனம். கலக்கிறவர் கடதாசிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அசனா பல் பிசகாமல் ஊற்றினாள். இரண்டாம் நாள் புருஷன் எழும்பவில்லை.

பள்ளிவாசல் லெப்பை வந்து மூக்கடியில் கைவைத்துப் பார்த்தார். “மகள், மையித்த வச்சிருக்கேலாது. அஸர் தொழுகைக்கு முந்தி அடக்கிடுவம்.” கபன் துணியும் வந்துவிட்டது. அசனா கட்டில் காலைப் பிடித்தவள் விடவேயில்லை.

“விடியக்காலையில ஒருக்கா மூச்சு விட்டவர், நான் கண்டனான். பொறுங்க.”

பொறுத்தார்கள். தண்ணி ஏறியதும் ஸுஹைரின் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. லெப்பை துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பதினேழு வருஷம் அசனா அவரைத் துடைத்தாள், புரட்டினாள், நகம் வெட்டினாள். அவர் செத்தால் கொன்றது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் ஒரு நாளும் அவளுக்கு நித்திரை பிடிக்கவில்லை, என்றாலும் மிக்சரை வாயில் வைக்கவில்லை. இதற்கிடையில் மைமூனா உட்பட இன்னும் ஏழு வீட்டில் ஆட்கள் இப்படிக் கிடந்தார்கள். “ஸுஹைர் காக்கா மூச்சு இழுத்திட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் தோணிக்காரர்கள் தோணியை இறக்கினார்கள்.

1981இல் குடிசன மதிப்புக்கு ஆட்களைக் கணக்கெடுக்க வந்தவர் சோமசேகரம் மாஸ்டர். கட்டிலைப் பார்த்துவிட்டுப் பேனையைப் பிடித்தபடி நின்றார்.

“ஆள் உயிரோடதானே, அக்கா?”

அசனா கதிரையொன்றை இழுத்துப் போட்டாள். “கொஞ்சம் இருங்க மாஸ்டர். இப்ப வத்துற நேரம்.”

மாஸ்டர் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்தார். குடித்து முடிய, ஸுஹைர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். மாஸ்டர் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, மரியாதைக்கு ஒன்று கேட்டார்.

“நோவு ஏதும் இருக்கோ அவருக்கு?”

“இல்ல மாஸ்டர்,” என்றாள் அசனா. “அது போகத்தானே நான் ஊத்தினனான்.”

மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு மைமூனா வீட்டுக்குப் போனார். அங்கே அடுத்த ஏற்றம் வரை இருக்கவேண்டி வந்தது.