துண்டுக்கு அடியில் நாலு மணி நேரம்

யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தின் விலை அந்த வருஷம் தாராவியில் இருநூறு ரூபாய். நாலு மணியாக மொத்தத்தில் எடுத்தால் எழுநூறு. ஒற்றை மணி சில்லறையில் கிடையாது. மாட்டுங்காவில் இதே சரக்குக்கு நூறு கூட, செம்பூரில் ஆட்டோ காசு தனி. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்சந்தில் குடியிருந்த விஜயலட்சுமி ஏழு வருஷமாக அந்தச் சரக்கைக் கண்ணால் கண்டதில்லை. காரணம், அவள் மாமனார் வெயிலுமுத்துவின் வலது கை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. அவள் எவ்வளவு தூரம் போனாலும் அவ்வளவு தூரத்துக்குக் கை நீண்டது.

வெயிலுமுத்து ஆட்டுத்தோல் தரகர். பக்கவாதம் வந்து அவருடைய இடப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு வலது கையை மட்டும் மிச்சம் வைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அந்தக் கை மருமகளின் முந்தானையைப் பிடித்தது. அடுப்படிக்குப் போனாள், கூடவே வந்தது. குழாயடிக்குப் போனாள், சந்து முனை வரை வந்தது. ஒரே மாதத்தில் ரேஷன் கடை, மாஹிம் மீன் மார்க்கெட் எல்லாம் பழகிக்கொண்டது. பருமன் குறையவில்லை, நீளம்தான் கூடியது. வீடு திரும்பினால் தச்சரின் இரும்பு டேப் போலச் சரசரவென்று உள்ளே போய்விடும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். அக்கம்பக்கத்தார் முதல் வாரம் தாண்டிப் போனார்கள், அடுத்த வாரம் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். ஆண்டாப் ஹில்லில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போனபோது பஸ் கண்டக்டர் கைக்கும் அரை டிக்கெட் கேட்டார். எண்பது வயதுக் கைக்குச் சலுகை கிடையாதா என்று விஜயலட்சுமி திருப்பிக் கேட்டாள். சயான் வரும்வரை சண்டை நடந்து, கடைசியில் லக்கேஜ் கட்டணத்தில் முடிந்தது. வீடுகளுக்கு நம்பர் எழுத வந்த சர்வேக்காரர்கள் கைமேலும் ஒரு நம்பர் எழுதி, தரைத்தளமா மாடியா என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

விரல்களைப் பிரித்து எடுக்க முடியாமல் இல்லை. பிரித்தால் கிழவர் சத்தமே வராமல் அழுவார். அதைப் பார்ப்பதற்கு முந்தானையைக் கொடுத்துவிடலாம். ஆனால் ஏழாவது வருஷத்தில் விஜயலட்சுமியின் தோள் இறங்கிவிட்டது, தூக்கம் துண்டு துண்டாகிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதற்காக வைத்தோம் என்று நின்றாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று மகள் ஷாலினி போனில் கேட்டபோது, கிங்ஸ் சர்க்கிளில் உட்கார்ந்து, யாரும் இழுக்காமல், ஒரு காபியைச் சூடாகக் குடிக்க வேண்டும் என்றாள். சொல்லும்போதே அழுதாள். தலோஜாவில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவன் பேச்சிராஜா அதைக் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். "கம்பெனியில ரிலீவர் வராம ஒருத்தனும் மெஷினை விட்டு நகர முடியாது. இவளுக்கு ஏழு வருஷமா ரிலீவரே வரலையே," என்றான். அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் டிரஸ்ட் ஒன்றை ஷாலினி தேடிப் பிடித்தாள். முதலில் வந்த பெண், கையைப் பார்த்ததும் வாசலில் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். இரண்டாவது வந்தவள் தைரியசாலி. தன் முந்தானையை நீட்டினாள். வெயிலுமுத்துவின் விரல்கள் அதை நெருடிப் பார்த்து, சரக்கு மட்டம் என்று கீழே போட்டன. மூன்றாவதாக வந்தவள் சுலைகா. வெயிலுமுத்துவோடு பேரம் பேசிய மேலப்பாளையத்துத் தோல் வியாபாரி ஜெயினுலாப்தீனின் மகள், சிறுபிள்ளையில் வாப்பாவோடு தோல் அடுக்கிய கிட்டங்கி கிட்டங்கியாகச் சுற்றியவள். கையை ஒரு பார்வை பார்த்தாள். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். துண்டுக்கு அடியில் தன் கையை நுழைத்தாள்.

தோல் ஏவாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் ஒன்று, பாதி விரல் அரை. சுலைகா நாலு விரலைப் பிடித்தாள். "அண்ணாச்சி, மைனியை நாலு மணி நேரத்துக்குக் கேக்கேன். என்ன சொல்லுதிய?"

வெயிலுமுத்துவின் கண் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஏவாரக் கண் ஆனது. முந்தானை நழுவி விழுந்தது. பேரம் பேசும் கைக்கு வேறு எதையும் பிடிக்க ஒழியாது. அவர் அரை விரல் காட்டினார். "அரை மணியா? குழாயடிக்குப் போய் வரவே காணாதே. அந்தக் காலத்துலயும் இப்படித்தான் எங்க வாப்பாவை அறுத்தியளா?" கிழவர் வாயின் வலப்பக்கத்தால் மட்டும் சிரித்தார். சுலைகா மூன்றே முக்கால் விரலுக்கு இறங்கினாள், அவர் முக்காலுக்கு ஏறினார். "நீங்க கெளம்புங்க மைனி, இது இப்ப முடியாது," என்றாள் சுலைகா.

விஜயலட்சுமி கிளம்பினாள். பின்னால் யாரும் இழுக்காததால் நடை தடுமாறியது. பஸ்ஸில் உட்கார்ந்தாள், இறங்கினாள், கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டல் மேசையில் காபி வந்தது, ஆவி பறந்தது. டம்ளரை எடுக்க வலது கையை நீட்டினாள். கையைக் காணோம். தோளிலிருந்து புறப்பட்டு வாசல் வழியாக, பூக்கடையைச் சுற்றி, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. தெருவில் எவரும் அதிசயப்படவில்லை. தாராவிக் கை இன்றைக்கு வளையல் போட்டிருக்கிறது என்று மட்டும் பூக்காரி சொன்னாள்.

இடது கையால் போன் போட்டாள். "ஏளா சுலைகா, எங் கை அங்ஙன கெடக்கா பாரு."

"இங்ஙனதான் மைனி இருக்கு. அண்ணாச்சி காலைப் போர்த்திவிட்டுச்சு, மாத்திரை டப்பாவை மூணு தடவை எண்ணிச்சு. இப்ப நான் சரியா உக்காந்திருக்கேனான்னு பாக்குது."

"அதை இங்க அனுப்பு. காபி ஆறுது."

"அது என்னைக் கேட்டா வந்துச்சு? இரிங்க, அதுக்கும் ஒரு துண்டு போடணும்."

கிழவருக்குப் போட்ட துண்டிலேயே இடம் பண்ணி அந்தக் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டாள் சுலைகா. மூன்று கைகள், ஒரு துண்டு. விஜயலட்சுமியின் கை, கால் மணி நேரத்துக்கு மேல் விட்டுக் கொடுக்கவில்லை. வெயிலுமுத்துவே இவ்வளவு கெட்டி இல்லை என்று சுலைகா பின்னால் சொன்னாள். அப்போது நடந்ததை அவள் சத்தியம் செய்து சொல்கிறாள்: தரகரின் விரல்கள் சுலைகாவை விட்டுவிட்டு மருமகளின் கையைப் பிடித்தன. இரண்டு மணி என்று இரண்டு விரலைப் பிடித்து அழுத்தின. கை மாட்டேன் என்று இழுத்தது. திரும்பவும் இரண்டு. தரகு இல்லாமல் வெயிலுமுத்து முடித்துக் கொடுத்த ஒரே பேரம் அதுதான். கிங்ஸ் சர்க்கிளில் விஜயலட்சுமியின் உள்ளங்கையில் அந்த அழுத்தம் தெரிந்தது. வளையல் சத்தத்தோடு கை மேசைக்கு வந்து சேர்ந்தது. காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. இன்னொன்று சொன்னாள், அதைச் சூடாகக் குடித்தாள், வாயைச் சுட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் சுலைகா வருகிறாள், துண்டு விழுகிறது. மற்ற நாளில் பழைய கை பழைய முந்தானை. புதன்கிழமைகளில் சில சமயம் கிழவரின் கை பழகிய வழியில் மாஹிம் வரை வேடிக்கை பார்க்கத் தனியாகப் போய்விட்டு வருவதும் உண்டு. பஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

வருஷக் கடைசியில் சுலைகா தன் டைரியில் எழுதிக் கூட்டியது இது. புதன்கிழமை ஐம்பது. கேட்டது இருநூறு மணி. அண்ணாச்சி விட்டுக் கொடுத்தது நூற்று எண்பத்தெட்டு. அதில் மைனியின் கை விட்டுக் கொடுத்தது நூற்று முப்பத்தாறு. ஆறிப்போன காபி பத்தொன்பது, சூடாகக் குடித்தது முப்பத்தொன்று. பாக்கி ஐம்பத்திரண்டு மணி, மைனி பேரில். வட்டி போடவில்லை.